தொண்டை கம்மிய ஆலாவுக்கு நான் போட்ட வளையல்

போன மாசம் அலுவலகத்தில் எனக்குப் பிரியாவிடை நடத்தினார்கள். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 'பிழையற்ற சேவைக்காக' என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. எங்கள் புதுத் தலைவர் நல்ல பிள்ளை, வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மைக்கைப் பிடித்து, "சரசு அக்காவின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன், எழுதினதை அடித்த ஒரு வெட்டுக்கூடக் கண்ணில் படவில்லை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் வாயில் அப்போது கேக் இருந்தது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டு மறுப்புச் சொல்ல முடியாது, அதுவும் ஒரு வசதிதான்.

அவர் புரட்டாத கொப்பி ஒன்று ஸ்டோர் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. பச்சை அட்டை. அதில் வெட்டு மட்டும் முப்பத்தொன்று. எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெட்டியவளே நான்தான்.

கூட்டம் கலைந்த பிறகு ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, நீங்க அந்தக் காலத்துல எப்புடி வேல செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன். இப்ப எல்லாம் மெஷின்தானே."

உண்மைதான். இப்போது கம்பத்தில் ஒரு மெஷினைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆலா என்கிற கடற்பறவை கத்தினால் அது எந்த ஆலா, எத்தனை தடவை கத்தியது என்று மெஷினே சொல்லிவிடுகிறது. நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன். அதற்கு இரக்கம் வராது. வேலை செய்கிற இடத்தில் ஒருத்திக்கு இரக்கம் வந்தால் என்ன கூத்து நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் அலுவலகம் கண்டியில் பறவைகளைப் பற்றி வேலை செய்கிற சின்ன இடம். நாலு அறை, ஒரு கிழட்டு ஜீப். பெயர் வேண்டாம், இன்னும் நடக்கிறது, பாவம். நான் பார்த்தது கடற்பறவை வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கண்டியில் கடல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் மழை பொய்த்து விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றுகிற மாதங்களில், தெல்தெனியப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்த பழைய நிலம் சரளைத் திட்டாக வெளியே வரும். சில வருடங்களில் சின்ன ஆலாக்கள் கொஞ்சம் எங்கிருந்தோ பறந்து வந்து அந்தத் திட்டில் குடும்பம் நடத்தும். ஒரு சாண் நீளமுள்ள வெள்ளைப் பறவை. தலையில் கறுப்புத் தொப்பி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. குடும்பம் நடத்துகிற காலத்தில் அலகும் காலும் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. கண்டி மார்க்கெட்டில் ஒரு வளையல் கடையில் நின்றேன். ஒருநாள் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து, தங்கச்சி மகளுக்கு வளையல் கேட்டார். அந்தப் பிள்ளைக்குக் கொழுத்த கை. நான் பெருவிரலை உள்ளே மடக்கி, விரல் முழியை அமுக்கி, பிள்ளைக்குத் தெரியாமலே வளையலை ஏற்றிவிட்டேன். அந்த அம்மா வளையலைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார். "பறவைக்கு வளையம் போட ஏலுமோ உமக்கு?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "பறவையக் கூட்டிட்டு வாங்க, போட்டு விடுறேன்" என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலை. அவர்தான் பவானி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது எங்கள் அலுவலகத்தின் தலைவர்.

படித்துக்கொள்ள ஒரு வருடம் ஆனது. கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, உடம்பை உள்ளங்கையில் மெல்ல மூடிப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் மூச்சு நிற்கும், தளர்த்தினால் பறந்துவிடும். பிளாஸ்டிக் துண்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, பென்சிலில் சுற்றி வளையமாக்கி, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று போட வேண்டும். எந்த ஆலா யார் என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். நீலம், வெள்ளை, பச்சை, கறுப்பு. இந்த நாலு நிறம்தான் மிஸ் அனுமதிப்பார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பக்கமே போகக் கூடாது.

"ஏன் மிஸ், மஞ்சள் போட்டா அழகா இருக்குமே?"

"அதுதான் போடக் கூடாது. அதின்ரை காலும் சொண்டும் என்ன நிறம்? நாங்கள் போடுறது அடையாளம், சரசு. அலங்காரம் இல்லை."

மிஸ் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கத்துகிற ஆளைவிட இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் பயம் அதிகம். கொப்பி விஷயத்தில் அவர் சட்டம் மூன்று. பென்சிலால் எழுத வேண்டும், ஆனால் அழிறப்பர் கிடையாது. பிழையாகிப்போனால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது வாசிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதிக் பெயரின் முதலெழுத்தை வைக்க வேண்டும். ஒருநாள் நான் 'பெட்டைக்கு இவனைப் பிடிக்கவில்லை போல' என்று எழுதிவிட்டேன். மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிடிக்கேல்லை எண்டு அவள் வந்து உமக்குச் சொன்னவளோ? பார்த்ததை எழுதும். நினைச்சதை வீட்டுக்குக் கொண்டு போம்." நினைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் என் புருஷனிடம்தான் கொட்டுவேன். அவரைப் பற்றிப் பிறகு.

காலையில் ஆறரைக்குத் திட்டுக்குப் போய்விடுவோம். ஜீப்பும் படகும் ஓட்டுவது நிஸ்தார் நானா, கண்டிக்காரர், வாய் ஓயாத மனுஷன். சாக்குத் துணியில் ஒரு சின்னக் கூடாரம் கட்டி அதற்குள் உட்கார்ந்து பார்ப்போம். ஆலா எப்படிப் பெண் தேடும் தெரியுமா? ஆண் ஒரு சின்ன மீனை அலகில் கவ்விக்கொண்டு, திட்டுக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். கீழே பெட்டைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். ஒருத்திக்குச் சரி என்று பட்டால் எழும்பிப் பின்னாலேயே பறப்பாள். பிறகு இரண்டும் கீழே இறங்கும். இவர் இறக்கையைத் தொங்கப் போட்டு, கழுத்தை நீட்டி, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மீனை நீட்டுவார். அவள் வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே நின்றால் பாதிக் கல்யாணம் முடிந்தது.

எதைப் பார்த்துப் பெட்டை சம்மதிக்கிறாள்? மிஸ்ஸின் வாழ்க்கையே இந்தக் கேள்வியில்தான் ஓடியது. குரல்தான் என்பது அவர் முடிவு. கணீரென்று, விட்டுவிட்டு, சுத்தமாகக் கத்துகிறவனுக்குச் சோடி கிடைக்கிறது. அலகு மஞ்சளும் கால் மஞ்சளும் இரண்டாம் பட்சம். வருடக்கணக்காகக் குரல்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைய வைத்து, ஒரு கட்டுத் தாள் எழுதி வைத்திருந்தார்.

இப்போது கதாநாயகனுக்கு வருகிறேன். கொப்பியில் அவன் பெயர் நீலம்-வெள்ளை. நானும் நிஸ்தார் நானாவும் வைத்த பெயர் கண்டக்டர். ஏன் என்றால் அவன் குரல் போன குரல். மற்றவன்கள் 'கிரீக், கிரீக்' என்று வானத்தைக் கிழிப்பான்கள். இவன் 'கர்ர்ர்' என்பான். மீன் என்னவோ நல்ல மீன்தான் கொண்டுவருவான், சும்மா சொல்லக் கூடாது. ஒரு பெட்டையும் தலை தூக்கிப் பார்க்காது. ஒருநாள் ஒருத்தி பார்த்தாள். நான் பென்சிலை எடுத்துவிட்டேன். வந்தாள், மீனை வாங்கினாள், தின்றாள், அலகைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இன்னொருத்தனோடு உட்கார்ந்துகொண்டாள்.

"இவள்ட வேலயப் பாருங்க தங்கச்சி," என்றார் நிஸ்தார் நானா. "சாப்பாடு இங்க, சம்பந்தம் அங்க!"

நானாவுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் கணேசன் கண்டி–தெல்தெனிய பஸ்ஸில் கண்டக்டர். குட்ஷெட் ஸ்டாண்டில் நின்று "தெல்தெனிய, தெல்தெனிய, பல்லேகல, தெல்தெனிய" என்று கத்திக் கத்தியே தொண்டையைத் தொலைத்த மனுஷன். பெண் பார்க்க வந்த அன்று பளபளவென்று ஒரு ஆரஞ்சுச் சட்டை போட்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை ரொம்ப அடக்கம் என்று அம்மா பூரித்துப் போனார். நான் சட்டையைப் பார்த்துத் தலையாட்டினேன். குரலைக் கேட்டது தாலி ஏறின பிறகுதான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின குரல். வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று அவர் அக்கா மிரட்டிக் கூட்டிவந்தாராம். சட்டையும் இரவலாம். முதலில் கோபம் வந்தது. பிறகு என்ன, அந்தக் குரல் பஸ்ஸில் கேட்காத நாள் எனக்கு நாளாக இல்லை. அதனால் அந்த ஆலா 'கர்ர்ர்' என்று கத்திக் கத்தி ஏமாந்து நிற்கும்போது எனக்கு எங்கள் வீட்டுக்காரரே நிற்கிற மாதிரி இருக்கும்.

இரண்டு வருடம் அவனுக்கு இப்படியே போனது. மூன்றாம் வருடம் திட்டு வெளியே வந்த நேரத்தில், மிஸ் அலுவலகப் படியில் தடுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட காலோடு கண்டியில் இருந்துவிட்டார். நானும் நானாவும் மட்டும் திட்டுக்குப் போய், வாரா வாரம் கொப்பியையும் குரல் பதிவையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மிஸ்ஸின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதுவரை நான் தற்காலிக ஆள்தான்.

ஒருநாள் காலை, வளையம் போட விரித்த வலையில் கண்டக்டர் விழுந்தான். கையில் எடுத்துப் பார்த்தால் வலது கால் வெள்ளை வளையம் வெடித்து, இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகிறது. கழற்றிவிட்டேன். பையில் புது வெள்ளை வளையம் இருந்தது. என் கையில் ஒரு மெல்லிய ஆரஞ்சுப் பிளாஸ்டிக் வளையல் இருந்தது. என்னை அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நன்றாக யோசித்து, நாலு பக்கமும் பார்த்துத்தான் செய்தேன். வளையலை வெட்டினேன், மெலிதாகச் சீவினேன், சுடுதண்ணீரில் இளக்கிச் சுற்றிப் போட்டுவிட்டேன். அவன் காலின் மஞ்சளோடு அது என்னமாய் எடுத்துக் கொடுத்தது என்கிறீர்கள்! வளையல் கடையில் நின்றவள் கண் பிசகுமா?

"போடா ராசா, போய்ப் பொழைச்சுக்க" என்று விட்டேன்.

நிஸ்தார் நானா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒன்டும் பார்க்கல்ல தங்கச்சி. நான் டிரைவர்."

இரண்டாம் நாள் ஒருத்தி அவன் பின்னால் பறந்தாள். மீனை வாங்கினாள், தின்றாள், நின்றாள்! நான் கூடாரத்துக்குள் நானாவின் தோளில் ஒரு போடு போட்டேன். ஒரு வாரத்தில் சரளையில் குழி பறித்து இரண்டு முட்டை. நான் சந்தோஷமாகக் கொப்பியில் எழுதினேன்: நீலம்-வெள்ளை மீன் கொடுத்தான், பெட்டை வாங்கினாள். நீலம்-வெள்ளை அடைகாத்தான். ஒவ்வொரு தடவையும் வெள்ளை. பார்த்தது ஆரஞ்சு, எழுதியது வெள்ளை. பெரிய பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. பெயர்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் கொப்பியோடு அலுவலகத்துக்குப் போனேன். மிஸ் கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தாள் கட்டு. கையில் பென்சில். ஒவ்வொரு பக்கமாக எடுத்து, மேலிருந்து கீழே ஒரே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் முதலெழுத்து வைத்து, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். பாதிக் கட்டு முடிந்திருந்தது.

"என்ன மிஸ் செய்றீங்க?"

"நான் பிழை, சரசு. குரல் கெட்டவனுக்கு ஒருக்காலும் சோடி கிடையாது எண்டு எழுதிப்போட்டன். உம்மடை நீலம்-வெள்ளை முட்டை போட வைச்சிட்டான். ஒருக்காலும் எண்டு எழுதினால், அதைப் பிழையாக்க ஒருத்தன் போதும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறன். எழும்பி நிண்டு சொல்லப்போறன். இத்தனை வருசமும் பிழையாய்க் கேட்டுக்கொண்டிருந்தனான் எண்டு."

அடுத்த பக்கத்தை எடுத்தார். கோடு போட்டார். கோடு நேராக விழுந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கொப்பியை மேசையில் போட்டுவிட்டு, மூத்திரம் முட்டினவள் மாதிரி வெளியே ஓடிவந்துவிட்டேன். ஐயோ, ஒரு குருவிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போய் ஒரு மனுஷியின் ஆயுசையே அழித்துவிட்டேனே!

குட்ஷெட்டுக்கு வந்து எங்கள் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்காரர் டிக்கட் கொடுத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தார். பல்லேகல வரும்போது கூட்டம் குறைந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிரு" என்றார், அந்தக் கரகரத்த குரலில்.

"வேல போயிரும்ங்க. கடுதாசி மேசையிலதான் கெடக்கு."

"போனா போகட்டும். உன் பொய்க்கு அந்தம்மா எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேக்கணுமா? நாளைக்கே போயிச் சொல்லு. வேல போனா நீ வந்து டிக்கட் குடு, நான் கத்துறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மிஸ்ஸின் முன்னால் நின்றேன். உடைந்த வெள்ளை வளையத்தையும் மிச்ச வளையல் துண்டையும் மேசையில் வைத்தேன். நடந்தது முழுவதையும் சொல்லி முடித்தேன். மிஸ் வளையல் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் அவனுக்கு?"

"அவன் குரல் எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி, மிஸ்."

"நான் ஒரு கிழமையாய் நித்திரை கொள்ளேல்லை. தெரியுமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஸ் அழ விடவில்லை. "கொப்பியை எடும். இரும். வெட்டும்." உட்கார்ந்து வெட்டினேன். 'வெள்ளை' என்று எழுதின இடத்திலெல்லாம் ஒரு கோடு, பக்கத்தில் 'செம்மஞ்சள்', கீழே என் முதலெழுத்து. முப்பத்தொரு இடம். முடிந்ததும் நிரந்தரக் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "அது அடுத்த வருசம் பாப்பம். இந்த வருசம் நீர் வளையம் தொடக் கூடாது. ஒண்டைத் தவிர."

"எத, மிஸ்?"

"போட்டவர்தானே கழட்ட வேணும். நானும் வாறன்."

கட்டுப் போட்ட காலோடு மிஸ்ஸைப் படகில் ஏற்ற நிஸ்தார் நானா பட்ட பாடு தனிக் கதை. முட்டை இருந்த குழிக்கு மேலே சின்னக் கம்பிக் கூடு வைத்து, கண்டக்டர் அடைகாக்க வந்தபோது பிடித்தோம். சின்னக் கத்தரியால் ஆரஞ்சு வளையத்தை வெட்டினேன். என் மாமியார் என் வளையலைக் கழற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வெள்ளை வளையம் ஒன்றைப் போட்டு விட்டுவிட்டு, மூன்று பேரும் கூடாரத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

பெட்டை வந்து முட்டையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அவனைக் காணோம். பிறகு மீனோடு வந்து இறங்கினான். அவள் பார்த்தாள். காலைத்தான் பார்த்தாள் என்று நான் நினைத்தேன், ஆனால் அதை எழுத முடியாது, அது நினைத்தது. எழுத முடிந்தது இவ்வளவுதான்: கழுத்தை நீட்டினாள், அலகைத் திறந்தாள், கொத்த எழும்பினாள். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"பாவி, குடும்பத்தக் கெடுத்துட்டேனே" என்று முனகினேன்.

"உஷ்" என்றார் மிஸ்.

கண்டக்டர் மீனை அலகில் வைத்துக்கொண்டே கத்தினான். "கர்ர்ர்." அதே போன குரல். அவள் அலகை மூடினாள். இன்னொரு தடவை "கர்ர்ர்." கழுத்தைத் தாழ்த்தி, கிட்ட வந்து, மீனை வாங்கிக்கொண்டாள். பிறகு முட்டையை அவனுக்கு விட்டுவிட்டு எழுந்து போனாள். அவன் உட்கார்ந்தான்.

மிஸ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "எழுதும்" என்றார்.

"என்னத்த எழுத மிஸ்?"

"பார்த்ததை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவள் முதல் எதைப் பார்த்து வந்தவளோ தெரியாது. இப்ப அவனோடை இருக்கிறது அந்தக் குரலுக்கு."

"அது நெனச்சது மிஸ். வீட்டுக்குக் கொண்டு போங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மிஸ் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. திட்டில் இருந்த ஆலா எல்லாம் எழும்பிப் பறந்தன, அன்றைய வேலை அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடந்தது. மிஸ் எழும்பி நின்று, தான் 'ஒருக்காலும்' என்று எழுதியது அவசரம் என்றார். நிறமும் இருக்கிறது, குரலும் இருக்கிறது, ஒரேயொரு சோடியை வைத்துக்கொண்டு எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன் என்றார். இது எப்படித் தெரியவந்தது என்று என் பெயரையும் வளையலையும் சபையில் போட்டு உடைத்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. அன்றைக்கு என் வாயில் கேக்கும் இல்லை. வெட்டின தாள்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது, வெட்டினதை மறுபடி சரியாக்குவது அவர் சட்டத்தில் கிடையாது. அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நான்தான் பிரதி எடுத்தேன். ஆலாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் தண்டனையில் படித்தது. நிரந்தரக் கடிதம் சொன்னபடி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது, ஒரு நாள் முந்தவில்லை.

பிரியாவிடை முடிந்த மறுநாள் மிஸ் போனில் கூப்பிட்டார். இப்போது யாழ்ப்பாணத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"ஓம் சரசு," என்றார், "நீர் அதைக் கொப்பியிலை எழுதியிருந்தால் நான் என்ன செய்யச் சொல்லியிருப்பன்?"

போனை வைத்துவிட்டுச் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினேன். பின்பக்கத்து ஆணியைக் கழற்றி, பத்திரத்தை வெளியே எடுத்து, 'பிழையற்ற' என்ற தங்க எழுத்தின் மேல் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருப்பது வாசிக்கிற மாதிரி.

"அடியே, பாராட்டுப் பத்திரத்துல போயி என்னாத்தக் கிறுக்குற?" என்று உள்ளேயிருந்து தகர டப்பா குலுங்கியது.

ஓரத்தில் என் முதலெழுத்தை வைத்து, கண்ணாடி போட்டு, மறுபடி மாட்டினேன். ஆக, முப்பத்திரண்டு.